தலையீற்று முயலும் ஐந்து குட்டிகளும்

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



ஜனவரி மாதம் முழுவதும் வருமான வரிப் படிவம், 31ஆம் திகதிக் கெடு, தண்டப்பணம் என்று உங்களைப் பயமுறுத்துகின்ற அதே குரல்தான் இது. ஆனால் இன்றைக்கு வரிக் கதை இல்லை, முயல் கதை. சிரிக்க வேண்டாம். சென்ற மாதம் ஒரு தாய் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, உங்கட வீட்டிலயும் முயல் குட்டி போட்டதாமே. எங்கட முயலும் ஏழெட்டுக் குட்டி போட்டுட்டுது. தாய் கிட்டவும் போகுதில்லை. பிள்ளையள் அழுதுகொண்டிருக்குதுகள். என்ன செய்யிறது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாகச் சொல்லலாம் என்றுதான் இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இங்கிலாந்தில் எங்களுடைய பல வீடுகளில் இப்போது முயல் இருக்கிறது. அது எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். நாய் வேண்டும் என்று தொடங்குகின்ற பிள்ளையின் கோரிக்கை, பூனைக்கு இறங்கி, கடைசியில் முயலில் வந்து நிற்கும். பெற்றோரும் சரி, இது குரைக்காது, கடிக்காது என்று ஒப்புக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் 2021 ஒக்டோபரில் இரண்டு முயல்கள் வந்து சேர்ந்தன. மகள் அவற்றுக்கு மல்லி, சீனி என்று பெயர் வைத்தாள். இரண்டும் பெண், உடன்பிறந்த சகோதரிகள் என்று கடையில் சொல்லித் தந்தார்கள்.

மூன்று மாதம் போன பிறகு மகள் ஒருநாள் வந்து, "அப்பா, சீனி ஆண் போல கிடக்கு" என்றாள். நான் பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினேன். இரண்டும் பெண் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. கணக்காளனுக்குப் பற்றுச்சீட்டுத்தானே வேதம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சொல்வார்கள். நான் பிடித்த முயலுக்கு அந்தப் பற்றுச்சீட்டுத்தான் மூன்றாவது கால்.

2022 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை மாலை, மல்லி வாய் நிறையக் காய்ந்த புல்லை, இங்கே 'ஹே' என்று விற்கிறார்களே அதை, மீசை போலக் குறுக்கே கவ்விக்கொண்டு கூட்டின் ஒரு மூலைக்கு ஓடி ஓடிக் கொண்டுபோய் வைத்தது. பிறகு தன் கழுத்தடியிலும் வயிற்றிலும் இருந்த மயிரைத் தானே பிடுங்கத் தொடங்கியது. ஏதோ தோல் வருத்தம் என்று நினைத்தோம். வெள்ளி காலை கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தால், அந்த மயிர்க் குவியல் மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நேயர்களே, இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம் தேவை. வன்னிப் பக்கம் காட்டில் 'முசல்' கண்டு வளர்ந்தவர்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அது வேறு பிராணி. அந்தக் காட்டு முயலின் குட்டி உடம்பு நிறைய மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். பிறந்து சிறிது நேரத்தில் அசைந்து திரியும். நாங்கள் கூட்டில் வளர்க்கின்ற முயல், ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கின்ற இனத்தில் இருந்து வந்தது. அதன் குட்டிக்கு மயிர் இல்லை, கண் திறவாது, காதும் கேளாது. ஒரு விரல் நீளத்தில், இளஞ்சிவப்பாக, தோலுரித்த இறால் போலக் கிடக்கும். இரண்டையும் தமிழில் ஒரே பெயரால் அழைக்கிறோம். ஊரில் கண்டதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால், ஏதோ குறைமாதத்தில் பிறந்துவிட்டது என்றுதான் தோன்றும். என்னுடைய அம்மாவும் அப்படித்தான் சொன்னார்.

ஏழு குட்டிகள். ஒன்று மயிர்ப் படுக்கைக்கு வெளியே, கூட்டின் தரையில் விறைத்துப்போய்க் கிடந்தது. தலையீற்றில் இப்படி நடப்பது வழமை என்று பிறகுதான் அறிந்தேன். முதல் தடவை குட்டி போடும் முயல் சில வேளை படுக்கையை ஒழுங்காகக் கட்டாது, அல்லது படுக்கைக்கு வெளியிலேயே ஈன்றுவிடும். பூனையோ நாயோ என்றால் தவறிய குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து சேர்க்கும். முயல் சேர்க்காது. வெளியே விழுந்த குட்டி குளிரில் செத்துப்போகும்.

மீதி ஆறும் படுக்கைக்குள் இருந்தன. மல்லியோ கூட்டின் மற்ற மூலையில் இருந்து புல் தின்றது, தண்ணீர் குடித்தது, முகம் கழுவியது. குட்டிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தோம், அதே மூலை. பின்னேரம் பார்த்தோம், அதே மூலை. அம்மா கொட்டில் வாசலில் நின்று, "உவள் பெத்து எறிஞ்சுபோட்டு இருக்கிறாள். கிட்டப் போறாளில்லை. உதுகள் பசியில சாகப்போகுதுகள்" என்றார். மகள் அழத் தொடங்கினாள்.

இரவு பத்து மணி. எனக்குப் பொறுக்கவில்லை. பசுப்பாலை இளஞ்சூடாக்கி, கண்ணுக்கு மருந்து விடுகின்ற குழாயில் எடுத்துக்கொண்டு போனேன். ஆறிலும் சின்னதைத் தூக்கி, கைக்குழந்தையை ஏந்துவது போல மல்லாத்திப் பிடித்துப் பாலை விட்டேன். இரண்டு துளி போயிருக்கும். மூன்றாவது துளி மூக்கால் வந்தது. துடைத்துவிட்டு, மற்றவற்றைத் தொடப் பயந்து, அதைப் படுக்கைக்குள் வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். விடியப் போய்ப் பார்த்தபோது அது இறந்திருந்தது.

சனிக்கிழமை காலை மிருக வைத்தியசாலை திறந்தவுடன் தொலைபேசி எடுத்தேன். பேசிய தாதி ஆறுதலாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பால் கொடுக்க முன்னர் குட்டியின் வயிறு எப்படி இருந்தது?"

நான் பார்க்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மீதி ஐந்து குட்டிகளின் வயிறும் உப்பி உருண்டையாக இருந்தது. தோல் அவ்வளவு மெல்லியது என்பதால் உள்ளே வெள்ளையாகப் பால் தேங்கி நிற்பது வெளியே தெரிந்தது. பிறகு, கடுதாசியில் சுற்றி வைத்திருந்த அந்தச் சின்னக் குட்டியை அவிழ்த்துப் பார்த்தேன். அதன் வயிற்றிலும் பால் இருந்தது. தாய் கொடுத்த பால். அது பசியில் இருக்கவேயில்லை. மகள் எனக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் என்னோடு கதைக்கவும் இல்லை.

திரும்ப எடுத்தபோது அந்தத் தாதி விளக்கிச் சொன்னார். முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில வேளை இரண்டு தடவை மட்டுமே பால் கொடுக்கும். ஒரு தடவைக்கு மூன்று, நான்கு நிமிடம். அதுவும் பெரும்பாலும் ஆட்கள் நித்திரையாக இருக்கின்ற சாமத்தில் அல்லது விடியற்புறத்தில். அந்தச் சில நிமிடத்திலேயே குட்டி ஒரு முழு நாளுக்கு வேண்டியதைக் குடித்துவிடும். ஏனென்றால் முயலின் பால் அவ்வளவு தடிப்பு. புரதமும் கொழுப்பும் பசுப்பாலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கண் தெரியாத குட்டி எப்படி முலையைக் கண்டுபிடிக்கிறது என்றால், மணத்தால். தாயின் பாலில் உள்ள ஒரு மணப்பொருள்தான் குட்டியை முலைக்கு இழுக்கிறது என்று 2003ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

சரி, மீதி நேரமெல்லாம் தாய் ஏன் தள்ளி இருக்கிறது? காட்டில் இந்த முயலை நரி தின்னும், மரநாய் வகைகள் தின்னும், பருந்து தின்னும். தாய் குட்டிகளோடு படுத்திருந்தால் தாயின் மணம் பிடித்துக்கொண்டு எதிரி வந்துவிடும். அதனால் குட்டிகளைத் தனி வளையில் வைத்து, வாசலை மண்ணால் மூடிவிட்டுத் தள்ளிப் போகும். ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்து, வாசலைத் திறந்து, பால் கொடுத்து, திரும்ப மூடிவிட்டுப் போகும். குட்டிகளுக்குச் சூடு தருவது தாயின் உடம்பு அல்ல, தாய் பிடுங்கி வைத்த மயிரும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதும்தான். தள்ளி இருப்பதுதான் அந்தத் தாய் காட்டுகின்ற கவனம்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இதை நான் எல்லோருக்கும் சொன்னேன். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நாலு நிமிசம் வந்து போறது ஒரு தாயே?" என்றார். என் மனைவி கறிக் கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னா, "மாமி, மூத்தவன் சின்னனாய் இருக்கேக்க நானும் அப்பிடித்தானே வந்து போனனான்."

வீடு அமைதியாகிவிட்டது. அந்த வருடங்களில் அவ முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்தா. காலை ஏழரைக்கு வந்து பிள்ளைக்குத் தீத்தி, குளிப்பாட்டி, பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு வந்து படுத்து, பின்னேரம் இன்னொரு இடத்தில் துப்புரவு வேலைக்குப் போவா. நான் பகலில் வேலை, இரவில் கணக்கியல் பரீட்சைக்குப் படிப்பு. பிள்ளையைப் பெத்துப்போட்டுக் காசுக்கு ஓடுறாள் என்று ஆட்கள் கதைத்தது எனக்கும் கேட்டது. நான் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அந்தக் கணக்கு இன்றுவரை என் பக்கத்தில் நிலுவையாகத்தான் நிற்கிறது. அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "ஓம் பிள்ளை, ஓம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு விடிய ஐந்து மணிக்குக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டில் யன்னலடியில் போய் நின்றேன். பக்கத்து வீட்டு வெளிவிளக்கின் மங்கல் வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் மல்லி படுக்கைக்குள் பாய்ந்தது. குட்டிகளுக்கு மேலே நான்கு காலிலும் நின்றது. கீழே மயிர் அசைந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடமும் சில விநாடியும். வெளியே பாய்ந்து, தன் மூலைக்குப் போய்ப் புல் தின்னத் தொடங்கியது.

இனி உங்களுக்குப் பயன்படக்கூடியதை ஒழுங்காகச் சொல்கிறேன். விரும்பியவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலாவது, முயல் சினைப்பட்டு ஏறக்குறைய 31 நாளில் குட்டி போடும். ஐயம் இருந்தால் முன்கூட்டியே ஒரு பெட்டி வையுங்கள். தாய் உள்ளே நின்று திரும்பக்கூடிய அளவு போதும். வாசலில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்பு இருக்க வேண்டும், குட்டி தவறி வெளியே வராமல் இருக்க. உள்ளே காய்ந்த புல்லைத் தடிப்பாகப் போடுங்கள். பஞ்சு, கம்பளி நூல் போட வேண்டாம், குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, கூட்டில் ஆண் முயல் இருந்தால் அந்த நிமிடமே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். குட்டி ஈன்ற சில மணி நேரத்துக்குள்ளேயே முயல் மறுபடியும் சினைப்படும். இதை அறியாமல் நாங்கள் சீனியைச் சனிக்கிழமைதான் மாற்றினோம். அதன் பிறகு நாட்காட்டியில் 31 நாளை எண்ணிக்கொண்டு நான் இருந்த இருப்பு, வரித் திணைக்களம் கணக்குப் புத்தகத்தைக் கேட்டபோதும் இருக்கவில்லை. நல்ல காலம், ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது, ஒரு நாளைக்கு ஒரு தடவை, காலையில், குட்டிகளைப் பாருங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வீட்டு முயலுக்குப் பொருந்தாது. கையை நன்றாகக் கழுவி, தாயைக் கொஞ்சம் தடவிவிட்டு, அதன் புல்லில் கையைத் தேய்த்துக்கொண்டு தொடுங்கள். இறந்த குட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள். படுக்கைக்கு வெளியே கிடப்பது உயிரோடு இருந்தால், உங்கள் உள்ளங்கைக்குள் வைத்து மெதுவாகச் சூடாக்கி மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். பால் குடித்தபடியே முலையில் தொங்கிக்கொண்டு வெளியே வந்து விழுகின்ற குட்டிகளும் உண்டு.

நான்காவது, வயிற்றைப் பாருங்கள். வயிறு உருண்டையாக, தோல் இழுபட்டு மினுக்கமாக இருந்தால் குட்டி பால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, தொட்டவுடன் கீச்சிட்டுத் துடித்தால் பசி. சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. அந்த ஞாயிறு தொடங்கி அம்மா ஒரு சின்னக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார். நான் நிறுப்பேன், மகள் வாசிப்பாள், அம்மா எழுதுவார். முதல் நாள் நிறுத்தபோது 45 கிராம் இருந்த குட்டி, ஒரு கிழமையில் இரண்டு மடங்கைத் தாண்டியது. நிறை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால் தாயை அதன்பாட்டில் விடுங்கள்.

ஐந்தாவது, தாய்க்குச் சாப்பாடு. காய்ந்த புல் எந்த நேரமும் இருக்க வேண்டும். முயல் உருண்டைத் தீனியை வழமையைவிடக் கூட்டிக் கொடுங்கள். தண்ணீர் மிக முக்கியம். பால் கொடுக்கின்ற முயல் நிறையத் தண்ணீர் குடிக்கும். போத்தலோடு ஒரு பாரமான கோப்பையிலும் வையுங்கள். தாயின் முலை சூடாக, கட்டியாக, சிவந்து அல்லது நீலம் பாரித்து இருந்தாலோ, தாய் சாப்பிடாமல் விட்டாலோ அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

உண்மையாகவே தாய் இறந்துவிட்டால், அல்லது ஒரு நாளுக்கு மேலாக எல்லாக் குட்டியும் வாடிக் கிடந்தால், அப்போதும் நீங்களாகப் பால் பருக்க வேண்டாம். வைத்தியரைக் கூப்பிடுங்கள். பசுப்பால் சரிவராது. அவர்கள் பெரும்பாலும் பூனைக்குட்டிக்கான பால்மாவைச் சொல்வார்கள். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது, முதலில் சூடு. மல்லாத்திப் பிடிக்கவும் கூடாது, நிமிர்த்திப் பிடித்து, அது நக்கிக் குடிக்கின்ற வேகத்தில்தான் துளித் துளியாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். நான் செய்தது அதைத்தான். குடித்த பிறகு நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே தடவிவிட்டால்தான் சலம் போகும்.

எல்லாம் நல்லபடி நடந்தால், ஒரு கிழமையில் வெல்வெட்டுத் துணி போல மயிர் வரும். பத்தாம் நாளில் இருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் கண் திறக்கும். பெட்டிக்குள் தாய் சில புழுக்கைகளை விட்டுவிட்டுப் போகும். அழுக்கு என்று எல்லாவற்றையும் கூட்டி அள்ள வேண்டாம். குட்டிகள் அதைக் கொறிக்கும். புல்லைச் சமிக்க வைக்கின்ற நுண்ணுயிர்கள் அவற்றின் குடலுக்குள் போவதற்கு அதுவும் ஒரு வழி. மூன்றாம் கிழமை அளவில் பெட்டிக்கு வெளியே பாய்ந்து வந்து தாயோடு சேர்ந்து புல் கடிக்கத் தொடங்கும். கரட், வாழைப்பழம் என்று பிள்ளைகள் கொண்டு ஓடுவார்கள். விடாதீர்கள், வயிற்றோட்டம் வந்தால் ஒரே நாளில் குட்டி போய்விடும். எட்டுக் கிழமை வரை தாயோடு விடுங்கள். பத்துக் கிழமை அளவில் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள்.

பிரிப்பதற்கு எது ஆண், எது பெண் என்று தெரிய வேண்டும். சின்ன வயதில் அதைப் பார்ப்பது கடினம். கடைக்காரர் சொன்னார், பற்றுச்சீட்டில் கிடக்கிறது என்று இருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வதுதான் நல்லது. ஆண் முயல் அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் ஆறு கிழமை வரை குட்டி கொடுக்கக்கூடியது, அதுவரை சேர்த்து விட வேண்டாம். மிக்சோமற்றோசிஸ், முயல் குருதிப்பெருக்கு நோய் இரண்டுக்கும் இங்கே தடுப்பூசி இருக்கிறது. எப்போது போடுவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஐந்தும் பிழைத்தன. நான்கைத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தோம். கொடுக்க முன்னர் மகள் ஒவ்வொரு வீட்டாரையும் இருத்தி வைத்துக் கேள்வி கேட்டாள். ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டோம். செத்துப்போன சின்னக் குட்டியைக் கொட்டிலுக்குப் பின்னால் மகள் புதைத்தாள். அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது. நிறை எழுதுகின்ற இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

தொலைபேசி எடுத்த அந்தத் தாய் இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுத்தார். "அண்ணை, வயிறெல்லாம் உருண்டையாக் கிடக்கு. நாங்கள் ஒண்டும் செய்யேல்லை" என்றார். நல்லது, அப்படியே இருங்கள் என்று சொன்னேன். நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் பால் சூடாக்குவதற்கு முன்னர் போய் வயிற்றைப் பாருங்கள்.

அடுத்த மாதம் வழமை போல வரிக் கணக்கோடு சந்திக்கிறேன். அதுவரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.